மூன்று நாளைக்கு மீன் வாங்க வேண்டாம்

யூலை 8, செவ்வாய். கச்சான் காற்று. பல்லுக்குள் மண்.

பொதுமக்களுக்கு ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறியத்தருவது: ஞாயிறு முதல் படுத்த படுக்கையாக இருந்த எங்கள் வீட்டுப் பிரின்டர், இன்று காலை 8.10 அளவில், அடியேனின் மூன்று தட்டுகளாலும் ஒரு உதையாலும் உயிர்த்தெழுந்தது. மலர்வளையங்களைத் தவிர்க்கவும்.

பிரின்டரின் சொந்தக்காரி றொஷானி அக்கா. வயது இருபத்தாறு. பகலில் ஒரு கந்தோரில் வேலை. மற்ற நேரமெல்லாம் முதுமாணிப் படிப்பு, கொழும்பிலிருந்து இணையவழியாக. பாடம்: தொழில்சார் தொடர்பாடலும் ஊடகமும். தொடர்ந்து பாடுவதற்கு ஒரு பட்டமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கதிரையில் குந்தியிருந்து குந்தியிருந்து முதுகு வளைவதால் 'முதுகுமாணி' என்றேன். அதற்கும் இல்லை. இரண்டு வருடம் விண்ணப்பித்துக் கிடைத்த இடமாம். பகிடிக்கு இடமில்லை.

அதே நாள், பின்னேரம் 6 மணி.

இன்றைய சாதனை. பதிவு செய்துகொள்க.

அக்காவுக்கு இந்த மாத ஒப்படை 'நெருக்கடித் தொடர்பாடல்'. கற்பனையாக ஓர் ஆபத்து. அதற்கு உண்மை மாதிரியே ஒரு பொது அறிவித்தல் எழுத வேண்டும். அக்காவின் கற்பனை: கொட்டியாரக்குடாவில் ஒரு கப்பல், இரசாயனக் கசிவு. பிரின்டர் உயிர்த்ததும் முதலில் துப்பியது அந்த அறிவித்தலின் இரண்டாம் பக்கம். அதிலிருந்தவை:

துறைமுகத்து மீனை மூன்று நாளைக்கு வாங்க வேண்டாம்.
கடலில் குளிக்க வேண்டாம்.
அயலவருக்கும் தெரிவிக்கவும்.

கீழே ஒரு தகவல் அதிகாரியின் பெயர். அப்படி ஓர் அதிகாரி இல்லை. அப்படி ஒரு திணைக்களமும் இல்லை. எல்லாம் அக்காவின் மண்டைக்குள்.

8.20க்குப் படம் எடுத்து எங்கள் லேன் வாட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். பத்து மணிக்கு அது உப்புவெளியில். மதியம் கிண்ணியா. இரண்டு மணிக்கு மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் இருந்து ஒரு மாமி அம்மாவுக்கே குரல்பதிவு அனுப்பினா: "பிள்ளை, மீன் ஒண்டும் வாங்கிப்போடாதை, கப்பல் உடைஞ்சு போச்சாம்." கப்பல் கசிந்துதான் கிளம்பியது. மூதூர்ப் பக்கம் போவதற்குள் உடைந்துவிட்டது.

முதல் பக்கத்தின் தலையில் 'பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு உடலை மட்டும் அனுப்பினேன். தலையில்லாமல் இவ்வளவு தூரம் ஓடிய உடல் திருகோணமலையில் இதுதான் முதல்.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவளுடைய வகுப்புக் குறூப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"டேய் டெனிஷ், இது ஆர் போட்டது?"

"நான்தான்."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஹெல்மெட்டோடு கதிரையில் இருந்துவிட்டாள்.

9, புதன். நல்ல வெயில். பௌதிகவியல் ரியூஷன் கட்.

நசீர் நானா வந்தார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர். லேன் முழுக்க ஹோர்ன். ஒரு கேற்றும் திறக்கவில்லை. பெட்டிக்குள் பாரை, ஐஸ் உருகி வழிந்தபடி.

அக்கா நேற்றே குறூப்பில் திருத்தம் போட்டிருந்தாள். முதல் வரி: 'துறைமுகத்து மீன் நல்ல மீன்.' பொய்யைத் திரும்பச் சொல்லி மறுக்கக்கூடாதாம், உண்மையில் தொடங்க வேண்டுமாம். படிப்பில் சொல்லிக்கொடுத்தது. அடுத்து, அது தன்னுடைய பயிற்சி என்ற விளக்கம். கீழே சொந்தப் பெயர், சொந்த நம்பர். என் படம் குடாவைத் தாண்டியது. அவளுடைய திருத்தம் சந்தியைத் தாண்டவில்லை.

அதை நானாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"உங்கட திருத்தத்தை மீன் வாசிக்காது மகள்," என்றார். "என்னோட வாங்க. வாசல் வாசலா உங்கட வாயால சொல்லுங்க."

போனாள். வேலைக்கு லீவு. முதல் கேற்றிலேயே ஒரு அன்ரி:

"அதை எழுதினதும் நீர். இப்ப இல்லையெண்டுறதும் நீர். நாங்கள் எதைப் பிள்ளை நம்புறது?"

அக்கா தார் ரோட்டைப் பார்த்தாள். பிறகு அடுத்த கேற். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

நானா போகும்போது என்னைப் பாராமலே மோட்டார் சைக்கிளை உதைத்தார். வழக்கமாக "என்ன ஹீரோ" என்பார்.

10, வியாழன். மூட்டம். மழை இல்லை.

அக்காவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். பயிற்சிப் பிரதி பொதுமக்களிடம் போனது எப்படி? சனி காலை 9 மணிக்கு நேரில் (அதாவது திரையில்) விளக்கம். அவளுடைய கவனயீனம் என்றால் இடம் இரத்தாகலாம். வேறொருவர் தெரிந்தே எடுத்து அனுப்பியிருந்தால் அவள் மேல் பிழை இல்லை.

குசினியில் அம்மா: "இந்த இடத்துக்கு எத்தினை மெழுகுதிரி கொளுத்தினனான்."

அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "உண்மையைச் சொல்லு. தெரிஞ்சே செய்தனி?"

"ஓம். தெரிஞ்சுதான்."

"பகிடிக்கோ?"

"பின்ன?"

அம்மாவின் அகப்பை என் முதுகில். நெருக்கடியில் 'நெருக்கு' அக்காவுக்கு, 'அடி' எனக்கு.

எரிகிறது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. என் குறும்புதான் அக்காவின் இடத்தைக் காப்பாற்றப்போகிறது. தியாகி டெனிஷ். சிலைக்கு இடம் பார்க்கவும், கடற்கரைப் பக்கமாக.

வாங்க வேண்டியவை: நீலப் பேனை, மயிர் ஜெல், அம்மாவுக்குத் தைலம் (அடித்த கை நோகிறதாம்).

11, வெள்ளி. காற்று திரும்பவும்.

நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் ஒத்திகை. அக்கா விசாரணைக்காரி, நான் குற்றவாளி. ஊடகக்காரரின் கேள்விகளுக்கு ஆட்களை இப்படித்தான் தயார்படுத்துவார்களாம்.

"ரெண்டு பக்கத்தையும் பாத்தனீங்களா?"

"பாத்தனான்."

"முதல் பக்கம் எங்க இருந்தது?"

"உங்கட மேசையில."

"மேசையில எந்தப் பக்கம்?"

"லாம்புக்குக் கிட்ட."

நிறுத்தினாள். "அது ஞாயிறே வந்திட்டுது, என்ர பைக்குள்ள. கந்தோருக்குக் கொண்டு போனனான்."

"அப்ப... கணினியில பாத்தனான்."

"பாஸ்வேர்ட் என்ன?"

வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு. எனக்கு!

அக்கா எழுந்து போய் அந்த இரண்டாம் பக்கத்தை எடுத்து வந்தாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் 'பயிற்சி' என்று போட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் ஒரு இடத்திலும் இல்லை.

"அக்கா, அந்தச் சொல்லைப் படத்தில நான்தான் வெட்டினனான் எண்டே சொல்லுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

அறைக் கதவு சாத்தப்பட்டது. மெதுவாக. அது இன்னும் மோசம்.

12, சனி. காலநிலை கவனிக்கவில்லை.

8.55. அக்கா மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டுப் பாவாடை. அதைப் பற்றி ஒரு பகிடியும் வரவில்லை. நான் குசினி வாசலில். அம்மா செபமாலையுடன்.

திரையில் மூன்று பேர். நடுவில் பாடத்தின் பொறுப்பாளர் மேடம். அக்கா தாளைக் கமராவுக்குக் காட்டினாள். "ரெண்டாம் பக்கத்தில நான் 'பயிற்சி' எண்டு போடேல்லை மேடம். அது என்ர பிழை. தம்பி மேல பழிபோட ஏலாது."

அம்மா "கர்த்தரே" என்றா, சத்தமாகவே.

மேடம்: "அந்தத் தம்பி பக்கத்தில இருக்கிறாரா?"

கூப்பிட்டார்கள். போனேன். கதிரையின் நுனி.

"தம்பி, உங்களுக்கு ஏச்சு விழாது. அந்தத் தாளை மட்டும் கண்டபோது என்ன நினைச்சீங்கள்? எனக்கு அதுதான் தெரியவேணும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். செவ்வாயிலிருந்து சேர்த்துவைத்த பெருமை முழுவதையும் கதிரையடியில் போட்டேன்.

"நம்பினனான்," என்றேன்.

மேடம் எழுதினார். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் கதைத்தார்கள். வாய்கள் மட்டும் அசைந்தன.

ஒலி வந்தது. மேடத்தின் தீர்ப்பு: இந்த ஒப்படைக்குப் புள்ளி இல்லை. அடுத்த தவணையில் திரும்ப எழுத வேண்டும். நாங்கள் கண்டுபிடிக்க முதலே சொன்னீர்கள், வாசல் வாசலாகவும் போயிருக்கிறீர்கள், அதனால் நீங்கள் தொடரலாம்.

அக்கா திரையை மூடிவிட்டு மேசையில் தலையை வைத்தாள். அம்மா ரீ போடப் போனா.

சரி. இந்தக் கொப்பியை அக்கா எடுத்து வாசிப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கேயும் வீரம். செவ்வாய் எழுதிய 'வேண்டுமென்றே' பொய். தலை, உடல், எல்லாம் பொய். முதல் பக்கத்தை நான் கண்ணாலும் காணவில்லை. அது பயிற்சி என்பதே நாலு மணிக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். விசரன் மாதிரி நம்பி ஏமாந்தவன் என்பதைவிட ஊரையே ஏமாற்றியவன் என்பது கேட்க நல்லாயிருந்தது.

அந்தச் செவ்வாய் விடிய நான் கடலில் குளித்தவன். தாளை வாசித்ததும் கிணற்றடிக்கு ஓடி, உடுப்பு தோய்க்கிற சவர்க்காரத்தால் தோல் சிவக்கும்வரை தேய்த்தேன். நாக்கையும்.

லேன் குறூப்புக்குப் போட்டது இரண்டாவதுதான். முதலாவது அக்காவுக்கு: 'அக்கா இண்டைக்கு வெளியில மீன் சாப்பிடாதீங்கோ, பிளீஸ், பயமாக்கிடக்கு.' வேலையிலும் பிறகு வகுப்புக் குறூப்பிலும் மாட்டியதால் அவள் அதைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு, அவள் ஹெல்மெட்டோடு கதிரையில் இருந்தபோது, அதை இரண்டு பேரின் ஃபோனிலும் இல்லாமல் அழித்தேன்.