ஈறு நிறத்தில் ஒரு ஹெட்லைட்

8 ஏப்ரல் 1963, திங்கள்

மூன்று பல்செட் முடித்தேன். நாலாவது ஆகவில்லை. செம்பூர் டாக்டர் அனுப்பிய பிளாஸ்டர் அச்சு பஸ் குலுக்கலில் இரண்டாகப் பிளந்து வந்தது. பல்லுக்குக் காத்திருக்கிற கிழவர் இன்னும் பத்து நாள் கஞ்சிதான் குடிக்க வேண்டும், பாவம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அப்பாவின் ஹில்மன் கார் இடது விளக்குக் கண்ணாடி நொறுங்கி நிற்கிறது. அண்ணா விற்பதற்காகத் தரகரிடம் காட்ட ஓட்டிக்கொண்டு போய், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கைவண்டியில் இடித்திருக்கிறான். லைசென்ஸ் என்னிடம், சாவி அவனிடம். நன்றாயிருக்கிறது நியாயம்! "சின்ன அடிதான்டீ" என்கிறான். சின்ன அடியாம். கண்ணாடித் தூள் இன்னும் பம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

9 ஏப்ரல்

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். வண்டியை எனக்குக் கொடு என்று.

செம்பூரில் இரண்டு டாக்டர், தாணேயில் ஒருவர் சொல்லியிருக்கிறார்கள். நானே காரில் வந்து அச்சை உடையாமல் வாங்கிப் போய், சொன்ன நாளில் செட்டைக் கொண்டுவந்தால் வேலையெல்லாம் நேராக எனக்கே. ஒன்பது வருஷமாக மாட்டுங்காவில் ஒரு டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறேன். பெயர் அவருக்கு. வண்டி இருந்தால் சொந்தமாகப் பட்டறை வைப்பேன். கடைசி ஒரு வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனது நான்தானே? ஜனவரியில் அவர் போனதோடு நானும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா?

அண்ணா சிரித்தான். "ஒத்தைக் கண்ணோட நிக்கற வண்டியை ஆர்.டி.ஓ.ல எவன் பாஸ் பண்ணுவான், பேர் மாத்துவான்? ஜூன் பத்துக்குள்ளே பாஸ் பண்ணிக் காட்டு. கையெழுத்துப் போட்டுத் தரேன். இல்லேன்னா பங்கார்காரன் பழைய இரும்புன்னு தூக்கிண்டு போவான்."

"எதுக்கு அவளை உசுப்பறேள்?" என்றாள் மன்னி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ஜூன் பத்து. சரி.

13 ஏப்ரல், சனி

ஓப்பரா ஹவுஸ் பக்கம் ஒரு ஸ்பேர் கடை பாக்கியில்லை. 47 மாடல் ஹில்மனா என்று கேட்கும்போதே உதட்டைப் பிதுக்குகிறார்கள். இறக்குமதி நின்று வருஷக்கணக்காயிற்றாம். சோர் பஜாரில் ஒருவன் ஏதோ பஸ் விளக்குக் கண்ணாடியை நீட்டி, தட்டி உட்கார வைத்துவிடலாம் என்றான். உன் தலையில் தட்டு.

14 ஏப்ரல்

விஷு. கனி பார்த்த கையோடு சண்டை வேண்டாம் என்றிருந்தேன். காபி வருவதற்குள் வந்துவிட்டது.

23 ஏப்ரல், செவ்வாய்

சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

இன்று ஒரு மாமிக்கு மேல்செட். மேலண்ணத்தில் படிகிற பாகம் மட்டும் நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போதாவதுதான் அப்படிக் கேட்பார்கள். நிறமில்லாத பிளாஸ்டிக் பொடியில் செய்து பாலிஷ் போட்டு ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடியில் காயும் புடவையின் கரை அதன் வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

ஏன் கூடாது? வலது கண்ணாடி முழுசாக இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான். அதைக் கழற்றி மேலும் கீழும் பிளாஸ்டர் ஊற்றி, இறுகினதும் பிரித்துக் கண்ணாடியை எடுத்துவிட்டால், நடுவில் நிற்கிற இடைவெளிதான் லென்ஸ். பொடியையும் திரவத்தையும் மாவாகக் குழைத்து அதில் அடைத்து, தண்ணீரில் வேக வைத்தால் முடிந்தது. உள்பக்கம் வரி வரியாக இருக்கிறது, வெளிச்சத்தைப் பரப்ப. அதைத் தொடவே கூடாது. வெளிப்பக்கம் மட்டும் வழவழப்பு. பல்செட்டும் அப்படித்தானே? ஈறில் உட்காருகிற பக்கத்தில் நாங்கள் கை வைக்க மாட்டோம்.

பல்பின் சூடு தாங்குமா? கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கிற வாயெல்லாம் தாங்குகிறதே. பார்க்கலாம்.

28 ஏப்ரல், ஞாயிறு

பல்செட் வேக வைக்கும் பித்தளைப் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். லென்ஸோ முக்கால் சாண். அதனால் தாராவிக்குப் போனேன். எங்கள் கிளினிக்குக்குப் பெட்டி வார்த்துத் தருகிற அய்யாத்துரையின் பட்டறை அங்கேதான். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். வலது கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காருக்குப் பல்லு கெட்டப் போறியளாம்மா?"

"பல் இல்லை, கண்."

"எதுவானா என்ன, செஞ்சிருவோம். ரெண்டு வளையம், நாலு போல்ட்டு. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

இந்த மாசத்தில் சிரிக்காமல் என் பேச்சைக் கேட்ட முதல் ஆள். நன்றாயிருக்கட்டும்.

5 மே, ஞாயிறு

வளையம் அருமையாக வந்திருக்கிறது. அச்சும் எடுத்தாயிற்று. பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். உள்ளே இருப்பதோ ஒரே ஒரு கண்ணாடி. விரிசல் விட்டால் இரண்டு கண்ணும் போச்சு. மெல்லத் தட்டித் தட்டிப் பிரித்தேன். முழுசாக வந்தது. வரி ஒன்றுகூடக் கெடாமல் பிளாஸ்டரில் பதிந்திருந்தது.

திரவத்தை வீட்டுப் பால்கனியில் வைத்துத் திறந்து பார்த்தேன். அவ்வளவுதான், மன்னி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "இந்த நெடி அடிச்சா சாதம் இறங்குமா? ஆத்துக்குள்ளே இது வேண்டாம்." அதுவும் நியாயம்தான், நெருப்புக்கு ஆகாத திரவம் வேறு. தாராவியிலேயே செய்கிறேன் என்றேன்.

அதற்கு அண்ணா குதித்தான். "நம்மாத்துப் பொண்ணு தாராவியில போய் அடுப்பு முன்னாடி உக்கார்றதா? நாலு பேர் என்ன சொல்லுவா?"

"கைவண்டியில இடிச்சப்போ நாலு பேர் என்ன சொன்னா?" என்றேன். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

12 மே, ஞாயிறு

நிறமில்லாத பொடி கிடைப்பது கஷ்டம். நான் வாங்கி வைத்திருப்பது இரண்டு தடவைக்குத்தான் வரும். எனவே முதலில் சாதாரணப் பொடியில் ஒத்திகை. பட்டறையில் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் வளையத்தைப் போட்டு வேக வைத்தோம். வந்தது! விளிம்பு, வளைவு, வரி, எல்லாம் அச்சாக வந்தது. நிறம் மட்டும் ஈறு நிறம். வேறெப்படி இருக்கும்? பல்செட் பொடியாயிற்றே.

13 மே

பொருந்துகிறதா என்று பார்க்க வண்டியில் மாட்டினேன். கிளிப் நாலும் சரியாக உட்கார்ந்தது. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ருக்கு மாமி, "வண்டிக்குக் கண் நோவா விசாலம்?" என்றாள். அண்ணா படியில் உட்கார்ந்து கண்ணில் ஜலம் வரச் சிரித்தான். சிரிக்கட்டும். அளவு சரி. எனக்கு வேண்டியது அளவு.

19 மே, ஞாயிறு

குமிழ். லென்ஸ் முழுக்கக் குமிழ்! சோடா பாட்டில் மாதிரி.

என் தப்புதான், வேறு யாரைச் சொல்ல? கிளினிக்கில் எப்போதும் அவசரம். அதனால் தண்ணீரைச் சீக்கிரமே கொதிக்க விட்டுவிடுவேன். கை அதே பழக்கத்தில் அடுப்பை ஏற்றச் சொல்லிவிட்டது. மாவுக்குள் திரவம் கொதித்து நுரைத்துவிட்டது. இத்தனை நாள் செட்டுகளில் இப்படி வந்ததில்லையே என்று யோசித்தேன். வந்திருக்கும். ஈறு நிறம் மறைத்திருக்கும். ஒன்பது வருஷமாக எத்தனை பேர் வாயில் என் குமிழ்கள் இருக்கின்றனவோ! கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பொடி இன்னும் ஒரு தடவைக்குத்தான்.

20 மே

கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இனி ஒரு செட்டுக்கு நாலு மணி நேரம் ஆகும் என்று. முகம் சுருங்கிற்று. சுருங்கட்டும்.

26 மே, ஞாயிறு

இன்று நான் அடுப்பைத் தொடவில்லை. அய்யாத்துரையின் மனைவி செண்பகவல்லியிடம் விட்டேன். பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்து, விரல் வைத்தால் உடனே எடுக்கிற சூட்டுக்கு மேல் மூன்று மணி நேரம் ஏறக் கூடாது என்று சொன்னேன். "இவ்வளவுதானா? நெல்லு ஊறப் போட்டு அவிக்கிற வீட்டுல பொறந்தவ நான்" என்றாள். நடுவில் எனக்குப் பொறுக்காமல் விறகைத் தள்ளப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "சும்மா இரிங்கம்மா. அவசரப்பட்டுத்தான போன வாரம் கெடுத்திய?" எட்டப் போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் அரை மணி கொதி. அண்டாவிலேயே ஆறட்டும் என்று விட்டு வந்திருக்கிறேன். காலையில்தான் பிரிக்க வேண்டும்.

27 மே

ஒரு குமிழ் இல்லை. ஒன்றுகூட. இல்லை.

29 மே, புதன்

அய்யாத்துரை தன் சக்கரத்தில் துணி கட்டித் தந்தார். சூடேறாமல், விட்டு விட்டு, முதலில் நுரைக்கல் பொடி, பிறகு சுண்ணாம்புப் பொடி போட்டு வெளிப்பக்கத்தைத் தேய்த்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் வண்டியில் மாட்டி, மாடிப்படிச் சுவரில் வெளிச்சம் அடித்து, இரண்டு மணி நேரம் எரிய விட்டேன். தொட்டால் வெதுவெதுப்பு. வளையவில்லை, மங்கவில்லை. அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான். இன்று சிரிக்கவில்லை.

5 ஜூன், புதன்

பாஸ்!

இன்ஸ்பெக்டர் பேனாவால் தட்டினார். "காச் நஹி ஹை?"

கண்ணாடி இல்லை, பல்செட் சாமான், நான் செய்தது என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார், தணிக்கச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். குனிந்து அரை நிமிஷம் வரிகளைப் பார்த்தார். "மேரே பிதாஜி கா தாந்த் பீ டீலா ஹை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் அப்பாவின் பல்செட் ஆடுகிறதாம்! அழைத்து வாருங்கள், உட்கார வைக்கிறேன் என்றேன்.

ஐந்து நாள் மிச்சம் வைத்து ஜெயித்தேன்.

9 ஜூன், ஞாயிறு

அண்ணா வண்டியை விக்கப் போறானாம். விக்கப் போறான்!

"பாஸான வண்டிக்கு நல்ல விலை வரது. விடறது புத்தியா? அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிறான், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. விளையாட்டாம்! எவ பாஸ் பண்ணினா? எவ போய் தாராவிப் புகையில உக்காந்தா? நான் பண்ணினதாலதானே அதுக்கு விலை வந்தது? அந்த விலைக்கே என்னை வித்துடுவியா அண்ணா?

அழுதேன். ஆமாம், அழுதேன். எழுதி வைக்கிறேன். அடுத்த ஞாயிறு ஆள் வருகிறானாம்.

16 ஜூன், ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வாசலுக்குப் போனேன். விளிம்பு வளையம், நாலு கிளிப். என் லென்ஸைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு வந்தார். குர்லாவில் பழைய வண்டி வாங்கி விற்கிற அப்துல் வாஹித் பாய். மேலப்பாளையத்துக்காரராம், தமிழ் பேசினார். இடது பக்கத்துக் குழியைப் பார்த்ததும், "என்ன சார், பாஸான வண்டின்னீய?" என்று அண்ணாவைக் கேட்டார்.

"விசாலம், மானத்தை வாங்காதே. போடு அதை."

"மாட்டேன். வண்டி உன்னோடதா இருக்கலாம். லென்ஸ் என் பொடி, என் கை. அது விலைக்கு இல்லை."

தெருவே பார்த்தது. ஜூன் பத்து, கையெழுத்து, தாராவி, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். பாய் கையை நீட்டினார். தயங்கித்தான் கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுண்டினார்.

"நீங்களே செஞ்சியளா?"

"ஆமாம்."

"என் ஷெட்டுல நாலு வண்டி இந்த ஒரு சாமான் இல்லாமத்தான் நிக்கி. கண்ணாடி இல்லாத அஞ்சாவத வாங்கி நான் என்னத்த செய்ய?" லென்ஸை என்னிடமே தந்துவிட்டு அண்ணாவைப் பார்த்தார். "வண்டி வேண்டாம் சார். இந்த அம்மா நாலு லென்ஸ் செஞ்சு தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"என்னையே கேளுங்கோ, இங்கேதானே இருக்கேன்" என்றேன். "முதல்ல என் வண்டி என் பேருக்கு வரட்டும். அப்புறம் செஞ்சு தரேன்."

20 ஜூன்

இன்னும் இரண்டு தரகர்கள் வந்தார்கள். குழியைப் பார்த்தார்கள், போனார்கள். லென்ஸ் என் பெட்டியில், பெட்டிச் சாவி தாலிச் சங்கிலி இல்லாத என் கழுத்தில்.

24 ஜூன், திங்கள்

மழை கொட்டுகிறது. விளக்குக் குழியில் தண்ணீர் இறங்கித் துரு பிடித்துவிடும். கழற்றியவள் நானாயிற்றே. எண்ணெய்த் துணி வைத்துக் கட்டினேன். லென்ஸை மட்டும் மாட்டவில்லை.

சாயங்காலம் மன்னி பேர் மாற்றும் ஃபாரத்தையும் பேனாவையும் கொண்டுவந்து அண்ணா முன்னால் வைத்தாள். "சொன்னது சொன்னதுதானே? போட்டுடுங்கோ. தெருவில தலை காட்ட முடியலை எனக்கு." மன்னியா இது! அண்ணா என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

மை காய்ந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் நாலு கிளிப்பையும் மாட்டினேன்.

9 ஜூலை, செவ்வாய்

தாணேயில் ஆறு அச்சு. திரும்பும் வழியில் செம்பூரில் இரண்டு செட் கொடுத்தேன், சொன்ன நாளில். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன்.

சயான் பஸ் நிறுத்தத்தில் அண்ணா நின்றுகொண்டிருந்தான். குடை திரும்பிப்போய், ஆபீஸ் பை தலைமேல், ஈர வேஷ்டி போல் ஒட்டிக்கொண்ட பேண்ட். கடந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். நிறுத்தினேன். அவன் தயங்கினான், அப்புறம் பின் கதவைத் திறந்தான்.

"அங்கே அச்செல்லாம் இருக்கு, உடைஞ்சுடும். முன்னாடி வந்து உக்காரு அண்ணா" என்றேன். "நான் டிரைவர் இல்லை."

பின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.