நிற்காத வண்டிக்கு அடிக்கிற மணி

அண்ணி,

இன்று சாயங்காலம் உங்கள் தண்டவாளத் துண்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். கையெல்லாம் துரு வாடை. நம் ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஏஜெண்டாக நீங்கள் இருந்தபோது உங்கள் சேலையிலும் இதே வாடைதான் அடிக்கும்.

ஸ்டேஷன் என்ன பெரிய ஸ்டேஷன்! ஒரு தகரக் கொட்டகை, ஒரு புங்கமரம், அதில் தொங்கிய இந்த இரும்பு. முந்தின ஸ்டேஷனான மொரப்பூரில் பாசஞ்சர் கிளம்பிவிட்டதென்று தெரிந்ததும் நீங்கள் இதை அடிப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நம் சனம் தக்காளிக் கூடையையே தலைக்குத் தூக்கும். விழுந்தடித்து ஓடிவந்து டிக்கெட் எடுக்காமலே ஏறும். "மெதுவா ஏறுங்க, ஜன்னல்ல தர்றேன்" என்று நீங்கள் பெட்டி பெட்டியாக ஓடுவீர்கள். உள்ளே இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் பெரிய வூட்டுக்காரர். "நம்ம ஊரு வண்டி, நமக்கெதுக்கு டிக்கெட்டு?" என்பார். அவர் மகள் கல்யாணத்துக்குச் சேலம் போன கூட்டம் மொத்தமும் அப்படியே ஏறியது. கடைசியில், டிக்கெட் விற்கவில்லையென்று வண்டி நிற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அதே மனுஷன், "டிக்கெட்டு காசை இவ தின்னுட்டா, அதான் ஸ்டேஷன் போச்சு" என்றார். ஓசியில் போன ஒரு வாயும் திறக்கவில்லை. நான் பேச எழுந்தேன். நீங்களோ என் கையைப் பிடித்து, "விடு கண்ணு, காலம் சொல்லும்" என்றீர்கள். திருடி என்ற பெயரோடே போய்ச் சேர்ந்தீர்கள்.

காலம் ஒரு மண்ணும் சொல்லவில்லை, அண்ணி. உங்கள் நாத்தனார்தான் சொல்லவேண்டியிருந்தது.

போன வாரம், வண்டி மறுபடி நிற்கவேண்டுமென்று கூட்டம் போட்டார்கள். ரயில்வே அதிகாரி வந்திருந்தார். தலைமை யார்? அதே பெரிய வூட்டுக்காரர்தான்! ஸ்டேஷன் வரலாற்றையும் அவரே பேசுவாராம். மேடையில் தொங்கவிட இந்த இரும்பைக் கேட்டு ஆள் அனுப்பினார். மறுபேச்சில்லாமல் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் பேசி முடித்ததும் எழுந்து, சிரித்த முகமாகவே கேட்டேன். "மாமா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ரயில்ல போன கதையச் சாருக்குச் சொல்லுங்க."

அந்தப் பெருமையைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டார். "வண்டி முழுக்க நம்ம சனம் சார்! ஒருத்தருகிட்டயும் டிக்கெட்டு கெடையாது. எவன் கேப்பான்?"

"டிக்கெட்டே எடுக்காமலா?" என்றார் அதிகாரி.

"அப்படித்தாங்க சார் எங்க ஸ்டேஷன் போச்சு," என்றேன் நான். "எங்க அண்ணி தின்னு போகலீங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மட்டும், "நானும் எடுத்ததில்லீங்க, அந்தப் பொண்ணு பாவம்" என்று அழுதாள்.

இனி வண்டி எங்கே நிற்கப்போகிறது, எல்லாம் உன்னால்தான் என்று ஊரே என்னைத் திட்டுகிறது. திட்டட்டும். உங்களைத் திருடி என்றபோது பூட்டிக்கிடந்த வாய்கள்தானே! நீங்கள் இருந்திருந்தால், "எதுக்கு கண்ணு இந்த வம்பு" என்றிருப்பீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. எனக்கு அது கிடையாது. இன்றைக்கும் நெஞ்சு குளுகுளுவென்றுதான் இருக்கிறது.

இரும்பைத் திரும்பக் கொண்டுவந்து நம் வாசல் வேம்பில் கட்டிவிட்டேன். பெரிய வூடு எதிர்ச்சாரிதானே. தினமும் பாசஞ்சர் நிற்காமல் ஊரைக் கடக்கிற நேரத்தில், உங்கள் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறேன். வண்டிக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும்.