எதிர் மேசையிலிருந்து வந்த போன்

தூரத்தில் பாலம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு,

செவ்வாயன்று நீங்கள் போனில் கேட்டபோது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். பொய்.

எங்கள் ஆய்வகத்தில் கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தால் குறுஞ்செய்தியோடு சரி. குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்றால்தான் போன் செய்வோம். ஆறு வருஷமாக அந்தப் போனைச் செய்பவள் நான். திங்கட்கிழமை எதிர் மேசைக்காரி என் முகத்தைப் பார்க்காமல் எண்களை அழுத்தினாள். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

"மேடம், டாக்டர் உங்கள ஒரு தடவ நேர்ல பாக்கணும்ங்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். எழுந்து வந்து சொல்ல நாலடிதான். தைரியம் வரவில்லையாம், பைத்தியக்காரி! வைத்துவிட்டு அவள்தான் அழுதாள்.

முப்பதில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். உறுதியாகத் தெரிய, அடுத்த வியாழன் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுப்பார்கள். உங்கள் அம்மாவிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். நேற்றுக் குளிக்கும்போது அது லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

நான் போனை வைத்த பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. ஒன்றும் செய்வதில்லை. இன்னும் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி