பழம் விக்குதவ

உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். செத்த பிறகு எதற்கு மரியாதை? நீ என்றே எழுதுகிறேன்.

இன்று காலை, குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் என் பழக்கடைக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்தில், கடையநல்லூர்க்காரர் ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். அதே எண்ணெய் வாசனை. அன்னாசி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை அவர் மேல் எறிந்துவிடுவேனோ என்று பயந்து கீழே வைத்தேன்.

ஏழு சீசன் காத்திருந்தேன். குளிக்க வருகிறவர்கள் முதுகில் படார் படாரென்று அடித்து எண்ணெய் தேய்த்துவிட்டு, மதியம் நான் கொண்டுவரும் சோற்றைச் சாப்பிடுவாய். கல்யாணப் பேச்சை எடுத்தால், கையைக் கழுவிக்கொண்டே, “சீசன் முடியட்டும்ட்டி, பேசுவோம்” என்பாய். சீசன் முடிந்ததும் சிவகிரிக்கு, உன் அம்மாவிடம் போய்விடுவாய். அடுத்த சாரல் விழும்வரை ஒரு போன் கிடையாது. என்னைப் பெண் கேட்டு வந்த மூன்று பேரை நானே விரட்டினேன்.

ஏழாவது ஆடியில் சொன்னாய்: “கட்டிக்கிடுதேன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? நீயா காத்துக் கெடந்தா அதுக்கு நானா பொறுப்பு?”

கையில் கத்தி இருந்தது. கழுத்துக்குத்தான் ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். நீ குறுக்கே நீட்டிய வலது உள்ளங்கை பிளந்தது. ரத்தம் அன்னாசித் துண்டுகள் மேலெல்லாம் கொட்டியது. உன் பிழைப்பே அந்தக் கைதான். நானே துணியைச் சுற்றி, ஆட்டோவில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தையல் போட்டவர், “எப்படி ஆச்சு? இந்தம்மா யாரு?” என்று கேட்டார்.

நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “பாறையில வழுக்கிட்டேன். இவ யாருன்னு தெரியாது. அங்கன பழம் விக்குதவ.”

ஒரே பேச்சில் என்னைப் போலீஸிலிருந்து காப்பாற்றினாய். அதே பேச்சில் ஏழு வருஷத்தையும் இல்லாமல் ஆக்கினாய். இரண்டில் எதை நினைத்துச் சொன்னாய் என்று கேட்டே தீருவது என்றிருந்தேன். தையல் பிரித்ததும் நீ ஊருக்குப் போய்விட்டாய். சரி, கை ஆறட்டும் என்று காத்திருந்தேன். மறுபடியும் காத்திருந்தேன், பார். கார்த்திகையில் பண்பொழி ரோட்டில் லாரி உன்னை அடித்துப் போட்டது.

சிவகிரியில் உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில் உன் அம்மா, “நீ யாரும்மா?” என்று கேட்டார். “குற்றாலத்துல பழம் விக்குதேன்” என்றேன். நீ சொன்னதே என் வாயிலும் வந்துவிட்டது. உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் பார்த்தேன். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு இருந்தது.

மத்தியானம் அந்தக் கடையநல்லூர்க்காரர் பழம் வாங்க வந்தார். “ஏம்மா, இந்த எடத்துல இதுக்கு முன்ன யாரு இருந்தா?”

கத்தியைத் துடைத்தேன். அதே கத்திதான், மாற்றவில்லை.

“எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

இல்லை என்று சொல்ல எழுந்து வா, பார்க்கலாம்.