தரை எட்டாத கதிரைகள்

ஜூலை 14, திங்கள்

என் கணவர் ரவிகுமார் இறந்து ஐந்து மாதம். நான் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம்.

கண்டி நகரில் ஹுஸைன் நானாவின் மாடியில் பொது வேலைக்கூடம். அலுவலகம் இல்லாதவர்கள் மடிகணினியோடு வந்து நாள் வாடகைக்கு உட்காரலாம். மேசை, கதிரை, வெளிச்சம் எல்லாம் வடிவமைப்பது என் பொறுப்பு. மரக்கதிரைகள் இன்று வந்தன. அளவெல்லாம் வெளிநாட்டு வடிவமைப்புப் புத்தகத்தில் உள்ளபடி. ஒன்றில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. இப்போது எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

ஜூலை 15

மழை. சாப்பிட்டேனா? ஞாபகமில்லை.

ஜூலை 17

வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்யும் றலியாவும் இன்னும் மூவரும் உட்கார்ந்து பார்க்க வந்தார்கள். அரை மணிநேரத்தில் நால்வரும் கதிரைமேல் ஒரு காலை மடித்துக்கொண்டார்கள்.

"கால் நிலத்துல படுதில்ல மிஸ். தொடையெல்லாம் வெறச்சிப் போகுது," என்றார் றலியா.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இருந்து பாத்தீங்கதானே?"

பார்த்தேன். இரண்டு மணிநேரம். என் கால் தொங்கியது எனக்கே தெரியவில்லை.

"இருவத்தெட்டாந் தேதி தொறக்கணும். ஏலாட்டி சொல்லுங்க, வேற ஆளப் பாக்குறேன்."

இந்த வேலையும் போனால் நாள் முழுக்க வீட்டில் கிடப்பேன். அதற்குக்கூடப் பயம் வரவில்லையே — என்ன ஆச்சு எனக்கு?

ஜூலை 18

மறுபடியும் வந்தார்கள். வாசலில் நான்கு சோடி செருப்பு. யாரும் கழற்றச் சொல்லவில்லை. புதுத் தரையைப் பார்த்ததும் கழற்றிவிட்டார்கள். நானும்தான் தினமும் கழற்றுகிறேன். புத்தகத்து அளவில் சப்பாத்துக் குதியின் உயரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு அங்குலம். மடச்சி, எந்த ஊர்ல பொறந்த நீ?

ஜூலை 21

கம்பளையில் தச்சர் கறுப்பையாவைப் பார்த்தேன்.

"கதிரைக் கால மட்டும் அறுத்தா தோள்பட்ட தூக்கிக்கும்மா. மேசையையும் கொறைக்கணும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டையும் குறைக்கச் சொன்னேன்.

ஜூலை 28

திறந்தாயிற்று. பகல் சாப்பாடு வரை றலியா எழும்பவில்லை. பாதம் இரண்டும் தரையில் இருந்தன. கம்பளையிலும் ஒரு கூடம் போடலாம் என்றார் நானா. சரி என்றேன்.

அம்பிட்டிய வீட்டுக்கு வந்து ரவிகுமாரின் சுழல் கதிரையில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக அதில் உட்கார்ந்துதான் வரைகிறேன். அவர் ஆறடி. என் கால் தரையைத் தொடவில்லை. தொடை வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததும் அழுகை வந்தது. நெடுநேரம் அழுதேன்.

பிறகு கதிரையை என் உயரத்துக்குத் தாழ்த்தினேன்.