கல்லறையில் சிவப்புப் பெயிண்ட்

இயேசு மரி சூசை துணை

அட்டுவம்பட்டி,
24-4-83

அன்பு மகன் மரியசெல்வத்துக்கு அம்மா ஆசீரோடு எழுதுவது. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே குவைத் வெயிலில் நீ வாடாமல் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் போன கடிதம் ஓரத்தில் பிரித்து ஒட்டின மாதிரி இருந்தது, தபால்காரரைக் கேட்டால் குளிரில் பசை விட்டுப்போச்சு என்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. இனி நன்றாக அழுத்தி ஒட்டு.

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது, வேறு யாராவது உனக்கு எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். ஏரிக்குப் போகிற வழியில் பல் கட்டுகிற சீனக்காரர் லியூ இருக்கிறாரே, அவருடைய அப்பாவும் நம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடங்கியிருக்கிறார். மதராஸில் குடியேறின சீனர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அதிலிருந்து இருபது பேர் வந்து அந்தக் கல்லறையைத் துப்புரவு செய்து கும்பிட்டிருக்கிறார்கள். நாம் நவம்பரில் செய்வதை அவர்கள் ஏப்ரலில் செய்கிறார்கள், செய்யட்டும். ஆனால் அதோடு நிற்காமல் நம்மவர்கள் கல்லறை ஏழெட்டையும் புல் செதுக்கி, பாசி சுரண்டி, எழுத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் சேவையாம், காலணா வாங்கவில்லையாம். சும்மா வந்து எவனாவது இடுப்பொடிய வேலை செய்வானா, நீயே சொல்.

கல்லறை வளைவில் டீக்கடை போட்டிருக்கிற சேனாதிபதிதான் ஓடிவந்து சொன்னான், டேப் வைத்து அளந்ததைக்கூடப் பார்த்தானாம். நான் கம்பை ஊன்றிக்கொண்டு, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். உன் அப்பா பெயர் கறுப்பில் பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே, நாளைக்கு இடம் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று என் பெயரையும் பிறந்த வருஷத்தையும் கல் நட்ட அன்றைக்கே வெட்டி வைக்கச் சொன்னேனே, அது மட்டும் ரத்தச் சிவப்பு. வெட்டப்போகிற மரத்துக்குத்தான் இப்படிச் சிவப்பு பூசுவார்கள். என் இடத்துக்குக் குறி வைத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன ஆசை இருக்கிறது? கல்லறை நிலத்தைச் சீனர்கள் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று சேனாதிபதி போலீசுக்கு மனு எழுதினான், முதல் கையெழுத்து என்னுடையது. சீனாவோடு நடந்த சண்டை முடிந்து இருபது வருஷம் ஆகியும் சீனர் என்றால் விசாரணை வந்துவிடுகிறது. மூன்று நாள் லியூ ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தார், கடை பூட்டிக் கிடந்தது. இந்த ஊரில் இருக்க அவர் வருஷா வருஷம் வாங்குகிற சீட்டும் மனு தீரும்வரை கிடையாது என்றாகிவிட்டது.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை அவரே வீடு தேடி வந்தார். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகத்தான் பேசினேன். அவர் கோபப்படவே இல்லை, அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. செத்தவர் பெயருக்குக் கறுப்பு, உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு, நீண்ட ஆயுசோடு இருக்கட்டும் என்று அப்படித் தீட்டுவது எங்கள் வழக்கம் என்றார். அவர் பேச்சை மட்டும் நம்பவில்லை, மறுபடி போய்ப் பார்த்தேன், அவருடைய அப்பா கல்லிலும் அம்மா பெயர் சிவப்பாகத்தான் இருக்கிறது. திரும்புகிற வழியில் அவர் கடையில் ஏறி, இத்தனை கல்லறை இருக்க எங்களுடையதை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

"நாலு வருசமா யாரும் வரலைங்க. ஆளு வராத கல்லறையத்தான் எங்க சங்கம் எடுத்துச் செய்யும். எங்க தாத்தா பாட்டி கல்லறையெல்லாம் சீனாவுல அப்படித்தான் கெடக்கு, போக வழியில்ல. உங்க பேருக்குக் கீழ எறந்த தேதி இல்ல, கல்லு வெச்ச மகன் பேரோட குவைத்துன்னு இருக்கு, அதான் வெளிநாட்டுல மகன்கூட இருக்கீங்கன்னு நெனச்சோம்ங்க."

எனக்குச் சுருக்கென்றது. கால் முடியாமல் போனதிலிருந்து கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளை மரியசூசையிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், வைத்துவிட்டேன் என்பான். ஊரையே சந்தேகப்படுகிறவள் அவனை நம்பியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமையே வெள்ளனே ஸ்டேஷனுக்குப் போய், நான் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்த மனுவைக் கிழித்துப் போடுங்கள் என்றேன். கிழிக்க முடியாது, வேறு எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். லியூவுக்குச் சீட்டு வந்துவிட்டது. சேனாதிபதி என்னோடு பேசுவதில்லை. மதராஸ்காரர்கள் மட்டும் இனிமேல் தங்கள் கல்லறையைத் தவிர எதையும் தொடப்போவதில்லை என்று எழுதிவிட்டார்களாம், அது என்னால்தான்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. மகனோடு இருப்பதாக நினைத்தோம் என்று அவர் சொன்னபோது, இல்லை, இத்தனை வருஷமும் கல்லறைக்கு இரண்டு மைலில் தனியாகத்தான் கிடந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிற கல்லறைத் திருநாளுக்கு மகன் வருகிறான், என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். ரொம்பச் சந்தோசம்ங்க என்றார், முகமெல்லாம் மலர்ந்து போயிற்று. லீவு கிடைக்கவில்லை என்று ஆறு வருஷமாக நீ எழுதுகிறாய். அந்த மனுஷன் நான் சொன்னதை உடனே நம்பிவிட்டார், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னை வலது கையால் தாங்கட்டும், மாதா உன்னோடு இருக்கட்டும். நவம்பர் இரண்டு, புதன்கிழமை. காலண்டரில் குறித்து வை.

இப்படிக்கு
உன் அம்மா
ஞா. உபகாரம்