உங்கள் பெயரில் ஒரு தெரு

அண்ணே,

பித்தளை பாலீஷ் வாடை விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து உங்கள் பதக்கங்களைத்தான் துலக்கினேன். நம் தெருவுக்கு உங்கள் பெயரை வைக்கிறார்களாம். நாளைக்குப் பலகை திறப்பு. உங்கள் படத்துக்கு முன்னால் பதக்கங்களும் வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டதால், அண்ணி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அதே தெருதான். பள்ளிக்கூட வாசல் வழியாக லாரி வேண்டாம், ஊருக்கு வெளியே சுற்றிப் போகட்டும் என்று திங்கட்கிழமைதோறும் அரியலூர் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு அலைந்தோமே.

பட்டாளத்துக்குப் போன என் கணவர் உடலாகத்தான் திரும்பினார். விதவைக்கு முன்னாள் படைவீரர் சங்கத்தில் என்ன வேலை என்று முணுமுணுத்தவர்களை மீறி, தலைவரான நீங்கள் என்னைச் செயலாளராக்கினீர்கள். மனு கொடுக்கப் போன முதல் நாள் என் கணவருடைய பதக்கத்தைச் சேலையில் குத்திக்கொண்டு கிளம்பினேன்.

"மெடல வூட்டுல வச்சிட்டு வாம்மா. நாம ஊர்க்காரங்களா கேக்கப் போறோம்" என்றீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் டெல்லியில் வாங்கிய பதக்கத்தை நீங்களும் அங்கே ஒரு நாளும் அணிந்ததில்லை. அப்படியும் உங்களை அடையாளம் கண்டு, மாவட்டத்துக்கே பெருமை என்று பொன்னாடை போர்த்துவார்கள். மனு மேஜையிலேயே கிடக்கும். திரும்பியதும் அந்தப் பொன்னாடையைப் பள்ளிக்கூட ஜன்னலில் திரையாகக் கட்டிவிடுவீர்கள். தூசியையாவது தடுக்கட்டும் என்பீர்கள். பிள்ளைகள் ஜரிகைத் திரைக்குப் பின்னால் இருமிக்கொண்டே படித்தார்கள்.

நீங்கள் போன அன்று காலையில் தெருவில் ஒரு லாரி இல்லை. மலர்வளையத்தோடு அதிகாரிகள் கார் வருவதற்காக ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகையே வரவில்லை, அண்ணே. ஒரு போனில் நிற்கிற லாரிக்காகவா நம்மை இத்தனை வருஷம் அலையவிட்டார்கள்? உங்களை எடுத்துப் போன மத்தியானமே லாரிகள் பழையபடி ஓடின.

இப்போதுதான் ஆபீஸ்காரர் பதக்கங்களை வாங்கிப் போக வந்தார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டு, கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "அவரே போட்டுக்கிட்டுப் போகாத மெடலு. எதுக்குக் குடுக்கணும்?" என்றார். எனக்கு அது போதும்.

"மெடலு வூட்டுலயே இருக்கட்டும் சார். லாரிய நிறுத்திட்டுச் சொல்லுங்க, நானே கொண்டாறேன்" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. மேடையில் எனக்கும் ஒரு பொன்னாடை இருக்கிறது, தவறாமல் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போவேன், அண்ணே. வாங்கிக்கொள்வேன். மூன்றாம் வகுப்பில் ஒரு ஜன்னல் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.